ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம்

(உப்புவெளியில் நடந்த சங்கக் குடும்ப ஒன்றுகூடலில், திருகோணமலை வளாகத்தில் கற்கும் தோட்டத்துப் பிள்ளைகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இராத்திரி முழுக்க பஸ்ஸில் வந்திருக்கிறீர்கள். ஹட்டனில் ஏறி, கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் தாண்டி உப்புவெளியில் இறங்கும்போது கம்பளிச் சட்டையைக் கழற்றாமலே நின்ற அம்மாமார்களைப் பார்த்தோம். நாங்களும் முதல் முறை இப்படித்தான் வந்து இறங்கினோம். இதே நிலாவெளி வீதியில் இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் கோணேசபுரி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அங்கேதான் இருக்கிறது. எங்களில் சிலர் அங்கே சித்த மருத்துவம் படிக்கிறோம், சிலர் கணினி, சிலர் வணிகம். எங்கள் எல்லோருக்கும் பொதுவானது ஒன்று: எங்கள் அம்மாமார் இன்றைக்கும் மலைக்குப் போகிறார்கள்.

எங்களைப் பேச அழைத்தவர்கள், "நீங்கள் தோட்டங்களில் நடத்தும் வகுப்பைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். சொல்கிறோம். நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போவதாக இல்லை.

வகுப்பு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. எங்களுக்கு விடுமுறை கிடைக்கும்போது ஊருக்குப் போகிறோம். அந்த விடுமுறையில் நான்கு ஞாயிறு, ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு மணித்தியாலம். தரம் 7 தொடக்கம் 11 வரையுள்ள பிள்ளைகள். ரியூசன் இல்லை, கட்டணம் இல்லை, பரீட்சை இல்லை. யாருக்கு எது நன்றாகத் தெரியுமோ அதை அவர் சொல்லிக்கொடுப்பார். பிள்ளை தனக்குப் பிடித்த வகுப்பில் போய் உட்காரலாம்.

இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே 1957இலிருந்து மாணவர்களே நடத்தும் ஒரு கல்வி அமைப்பு உண்டு. வருடத்தில் ஒரு வார இறுதியில் பள்ளிப் பிள்ளைகளை வளாகத்துக்குள் அழைத்து, தங்களுக்குப் பிடித்ததையெல்லாம் கற்பிக்கிறார்கள். நட்சத்திரம் பற்றி ஒருவர், ரொட்டி ஏன் உப்புகிறது என்று இன்னொருவர். அதற்கு 'ஸ்பிளாஷ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், தண்ணீர் தெறிக்கிற மாதிரி. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னோடிப் பரீட்சை நடத்துவது உங்களில் பலருக்குத் தெரியும். வினாத்தாள் தயாரிப்பதும் அவர்களே, திருத்துவதும் அவர்களே. அது பரீட்சைக்கு நிற்கிற பிள்ளைக்கு. பரீட்சை வரைக்கும் வந்து சேராமலே நின்றுவிடுகிற பிள்ளைக்கு என்ன செய்வது என்பதுதான் எங்களுடைய யோசனை.

முதல் ஞாயிறு எங்களுக்கு நல்ல பாடம் கிடைத்தது. கோ. நடேசய்யர் அந்தக் காலத்தில் புடவை வியாபாரி வேடம் போட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்தார் என்று படித்திருக்கிறோம். எங்களுக்கு வேடம் போடும் சிரமம் இல்லை. ஆனாலும் மண்டபத்தின் சாவிக்கு மூன்று பேரிடம் கேட்க வேண்டியிருந்தது. சாவி கிடைத்தது, நாற்பது பிள்ளைகளும் வந்தார்கள். நாங்கள் என்ன செய்தோம்? 'ஆளுமை விருத்தி' என்று தலைப்புப் போட்டு இரண்டு மணித்தியாலம் பேசினோம். இலட்சியம், தன்னம்பிக்கை, நேர முகாமைத்துவம். தண்ணீர் எடுக்கப் பீலிக்கரைக்குப் போய், தம்பியைக் குளிப்பாட்டிவிட்டு, இரண்டு மைல் நடந்து பாடசாலைக்குப் போகிற பிள்ளைக்கு நாங்கள் நேர முகாமைத்துவம் கற்பித்தோம். பின் வரிசையில் இரண்டு பேர் நித்திரை. முடிந்த பிறகு ஒரு தங்கச்சி வந்து, "அண்ணே, அடுத்த கிழமையும் இதேதானா?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். அடுத்த ஞாயிறு வந்தவர்கள் பத்தொன்பது பேர்.

அன்றிரவு எங்களுக்குள் சண்டை. பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று எங்களில் ஒருவர் சொன்னார். சொன்னவரும் லயத்துப் பிள்ளைதான். கம்பஸ்சுக்குப் போய் இரண்டு வருடத்தில் இப்படிப் பேச வந்துவிடுகிறது. சண்டையின் முடிவில் ஒரு தீர்மானம் எடுத்தோம்: தோட்டத்தில் இருக்கிற பொருளை வைத்துத்தான் வகுப்பு.

மூன்றாவது ஞாயிறு கொழுந்து வகுப்பு. முந்திய நாள் மாலை வீட்டுத் தேவைக்குக் கொஞ்சம் கொழுந்து கேட்டு வாங்கி, கடைத் தராசில் சரியாக ஒரு கிலோ நிறுத்து, ஒரு பிள்ளையின் வீட்டில் சாக்கு விரித்துப் பரப்பி வைத்தோம். காலையில் அதே கொழுந்தைப் பிள்ளைகளே நிறுத்தார்கள். எழுநூறு கிராமுக்குக் கொஞ்சம் கூட. "மிச்சம் எங்கே போச்சு?" என்று கேட்டோம். "களவு போச்சு" என்றான் ஒரு தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு விளக்கினோம். பச்சைக் கொழுந்தின் நிறையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். தொழிற்சாலையின் மேல்மாடியில் வாட்டும்போது அதில் பெரும் பகுதி போகிறது. அரைத்து, புளிக்கவைத்து, அடுப்பில் காயவைத்து எடுக்கும்போது நூற்றுக்கு மூன்று பங்கு தண்ணீர்தான் மிஞ்சும். ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து போட்டால் ஒரு கிலோ தேயிலை.

இதுவரை எங்கள் பாடம். இதற்கு மேல் நடந்தது பிள்ளைகளுடைய பாடம். தரம் 9 படிக்கிற ஒரு தங்கச்சி எழுந்து, "எங்கம்மா நேத்து பதினெட்டு கிலோ" என்றாள். பலகையில் அவளையே எழுதச் சொன்னோம். 18ஐ 4.5ஆல் பிரித்தாள், நான்கு கிலோ தேயிலை. தேநீர்ப் பையொன்றில் 2 கிராம் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. அப்படியென்றால் ஒரு கிலோவுக்கு 500 கோப்பை, நான்கு கிலோவுக்கு 2000 கோப்பை. ஒரு நாளில் அம்மா பறித்ததில் இரண்டாயிரம் பேர் தேத்தண்ணி குடிக்கலாம். மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பிள்ளை எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஒரு தம்பி, "டவுனிலே ஒரு பிளேன்டீ என்ன விலை?" என்று கேட்டான். பெருக்கினார்கள்.

அந்த விடையை இங்கே சொல்லி உங்களிடம் கைதட்டல் வாங்கலாம். ஆனால் அது முழுக் கணக்கு அல்ல. உரம், விறகு, மின்சாரம், லொறி, ஏலம், கப்பல், கடைக்காரன் வாடகை, சீனி எல்லாம் அந்த விலைக்குள் இருக்கின்றன. அதையும் வகுப்பில் சொன்னோம். அந்தத் தம்பி விடவில்லை: "அப்ப அதையும் கணக்குப் போட்டுக் காட்டுங்க." நியாயமான கேள்வி. எங்களில் வணிகம் படிக்கிற இருவர் அடுத்த விடுமுறைக்கு அந்தப் பாடத்தைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இரண்டு பக்கமும் பேசுகிற கணக்கு அதுதான். 1000 ரூபாய் நாட்சம்பளம் 2021இல் வர்த்தமானியில் வருவதற்குள் எத்தனை வருடம் போனது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மேசையில் என்ன பேசுகிறார்கள் என்று பதினாலு வயதுப் பிள்ளைக்குப் புரிந்தால், பத்து வருடத்துக்குப் பிறகு அந்த மேசையில் உட்காரவும் ஆள் இருக்கும்.

நான்காவது ஞாயிறு சம்பளச் சிட்டை வகுப்பு. வீட்டிலிருந்து சிட்டை கொண்டுவரச் சொன்னோம். சிலர் கொண்டுவரவில்லை, வீட்டில் கொடுக்கவில்லை. அடுத்தவர் பார்க்கிற விசயமா என்ற கூச்சம். அது சரிதான், அதனால் பலகையில் பொதுவாக ஒரு சிட்டை வரைந்தோம். கணக்குச் சுலபமாக இருக்க நாளுக்கு 1000 ரூபாய், இருபது பேர் என்று வைத்துக்கொண்டோம். 20,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து நூற்றுக்கு 8, அதாவது 1600. முதலாளி பக்கம் நூற்றுக்கு 12, அது 2400. இரண்டும் சேர்ந்து மாதம் 4000 ரூபாய் உங்கள் பெயரில் போய்ச் சேர வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி நூற்றுக்கு 3, அது 600. அதில் தொழிலாளியிடம் ஒரு சதமும் பிடிக்கக் கூடாது. சட்டம் சொல்லும் குறைந்த அளவு இது. அன்றைக்கு வீட்டுக்குப் போன ஒரு பிள்ளை, அம்மாவின் பழைய சிட்டைகளையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள். அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதி அங்கத்துவத்தில் வேறொரு பெயர். பதிந்த காலத்தில் யாரோ காதில் விழுந்தபடி எழுதியது. அம்மாவுக்கு ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம். இப்போது தெரிந்ததால் சங்கப் பிரதிநிதி மூலம் திருத்த விண்ணப்பித்தாயிற்று. காசு எடுக்கப் போகிற அன்றைக்குத் தெரிந்திருந்தால் எத்தனை தடவை கொழும்புக்கு அலைந்திருக்க வேண்டும்? இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் இப்படி அலைந்தவர்கள் இருக்கிறீர்கள்.

தயவுசெய்து ஊருக்குப் போனதும் உங்கள் அட்டையையும் சிட்டையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாசிக்கக் கஷ்டமென்றால் பிள்ளையிடம் கொடுங்கள்.

இன்னொரு வகுப்பைப் பற்றியும் சொல்ல ஆசை. சித்த மருத்துவம் படிக்கிற அக்கா ஒருவர் லயத்தைச் சுற்றி இருக்கிற செடிகளைக் காட்டிக்கொண்டு போனார். வல்லாரை, தூதுவளை, ஆடாதோடை. அவர் சொல்லச் சொல்ல, பிள்ளைக்காம்பராவில் வேலை செய்து ஓய்வெடுத்த ஆயா ஒருவர் பின்னாலேயே வந்து, "அது இல்லம்மா, இதுதான்" என்று திருத்திக்கொண்டே வந்தார். இரண்டு இடத்தில் ஆயா சொன்னதுதான் சரி. அடுத்த தடவை அந்த வகுப்பை இருவரும் சேர்ந்து நடத்துவதாக இருக்கிறது.

இந்த இடத்தில் வேறொரு நாட்டுக் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மிசிசிப்பி என்று ஒரு மாநிலம், பருத்தித் தோட்டங்கள் நிறைந்த இடம். அங்கே வேலை செய்த கறுப்பின மக்களுக்குச் சட்டத்தில் வாக்குரிமை இருந்தது, நடைமுறையில் இல்லை. பிள்ளைகளின் பாடசாலையைப் பருத்தி எடுக்கும் காலத்துக்கு ஏற்றபடி மூடுவார்கள், திறப்பார்கள். 1964ஆம் வருடக் கோடை விடுமுறையில் நூற்றுக்கணக்கான பல்கலைக்கழக மாணவர்கள் அங்கே போய், உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து, தேவாலயங்களிலும் வீட்டு வாசல்களிலும் 'விடுதலைப் பள்ளிகள்' நடத்தினார்கள். நாற்பது பள்ளிகள் அளவில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அந்தக் கோடையின் தொடக்கத்திலேயே அந்த இயக்கத்தைச் சேர்ந்த மூன்று இளைஞர்களைக் கொன்றார்கள். அப்படியும் பள்ளிகள் நடந்தன. எழுத்து, கணக்கு, சரித்திரம் எல்லாம் படித்தார்கள். அதோடு பிள்ளைகளிடம் சில கேள்விகளும் கேட்டார்கள். அவர்களிடம் இருப்பதில் நமக்கு வேண்டியது எது? அவர்களிடம் இருப்பதில் நமக்கு வேண்டாதது எது? நம்மிடம் இருப்பதில் எதை விடக் கூடாது?

இதே மூன்று கேள்வியை நாங்களும் எங்கள் வகுப்பில் போட்டுப் பார்த்தோம். வேண்டியது எது என்பதற்கு முதலில் வந்த விடை "உள்ளே கக்கூஸ்". அடுத்தது "கதவுள்ள அறை". அந்த இரண்டாவது விடையைச் சொன்னது தரம் 10 படிக்கிற பெண் பிள்ளை. விடக் கூடாதது எது என்பதற்குக் காமன் கூத்தென்று ஒருவர், சாவு வீட்டில் எல்லா லயமும் வந்து நிற்பதென்று ஒருவர்.

தோழர்களே, உங்களில் சிலர் எங்களிடம் நேரடியாகக் கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். "தம்பி, இதெல்லாம் ஓ.எல்.லுக்கு வருமா?" வராது. நான்கு ஞாயிறில் எந்தப் பிள்ளையையும் சாதாரண தரத்தில் சித்தியடையச் செய்ய எங்களால் முடியாது. கணித பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு ஆசிரியர்தான் வேண்டும், நாங்கள் அல்ல. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஓரிடத்தில் ஒரு பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் வெற்றிடம் பற்றிக் கேட்டபோது, "பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து சொல்லிக்கொடுக்கிறார்கள்தானே" என்று பதில் வந்ததாம். அதைக் கேட்டு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. 1945இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதன் பிறகும் தோட்டத்தின் கையிலேயே கிடந்தன. அரசாங்கம் பொறுப்பேற்றது எழுபதுகளில்தான். அந்த முப்பது வருட நட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வகுப்பால் அடைக்க முடியாது. எங்கள் வகுப்பைக் காட்டி யாராவது ஆசிரியர் நியமனத்தைத் தள்ளிப்போட்டால், வகுப்பை நிறுத்திவிட்டு உங்களோடு வந்து வீதியில் நிற்போம்.

பிறகு எதற்கு இந்த வகுப்பு? கொழும்புக் கடைக்குப் போன ஒரு தம்பி தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தான். பதினேழு வயது. ஹார்ட்வெயர் கடையில் வேலை. வகுப்புக்கு உள்ளே வராமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றான், கையில் போன். தேயிலைக் கணக்குப் போட்டபோது எல்லோருக்கும் முன்னால் விடை சொன்னது அவன்தான். போனில் தட்டவில்லை, மனக்கணக்கு. கடையில் ஆணியும் கம்பியும் நிறுத்து நிறுத்துப் பழகிய கணக்கு. வெளியே வந்து, "அண்ணே, ஸ்கூலுக்குப் போகாம எழுத ஏலுமா?" என்று கேட்டான். ஏலும், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கலாம் என்று சொல்லிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம். கணிதமும் தமிழும் முதலில் எழுதுவதென்று முடிவு. கடையை விடவில்லை; வீட்டில் அவன் அனுப்புகிற காசு தேவை. இரவு பத்து மணிக்குக் கடை மூடிய பிறகு எங்களில் ஒருவருக்குப் போனில் கணக்குப் படம் எடுத்து அனுப்புகிறான்.

நாங்கள் எல்லோரும் பெரிய புத்திசாலிகள் என்பதால் வளாகத்துக்கு வரவில்லை. பல்கலைக்கழக அனுமதியில் நெடுநாளாக 40 வீதம் திறமைப்படி, 55 வீதம் மாவட்டப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று ஒரு முறை இருக்கிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு; இந்தத் திருகோணமலையும் உண்டு. அந்த வாசலால் வந்தவர்கள் எங்களில் பலர். அப்படி ஒரு வாசல் இருக்கிறதென்று எங்களுக்குச் சொன்னது ஒரு அண்ணன், ஒரு அக்கா. அவர்களுக்குச் சொன்னது வேறு யாரோ. எங்களோடு தரம் 5இல் உட்கார்ந்திருந்தவர்களில் எங்களைவிட நன்றாகப் படித்தவர்கள் இன்று எங்கெங்கோ தட்டுக் கழுவுகிறார்கள். அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

இனி நாங்கள் கேட்க வந்தது. அம்மாமார் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மூன்றாவது ஞாயிறு வகுப்பில் பெண் பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டோம். ஞாயிறு கைக்காசுக்கு அம்மா மலைக்குப் போனால் சின்னதைப் பார்ப்பது அக்காதான். பிள்ளைக்காம்பரா அன்றைக்குப் பூட்டு. அம்மாவைக் கைக்காசுக்குப் போகாதே என்று சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. அதனால் சங்கத்திடம் கேட்கிறோம்: வகுப்பு நடக்கிற நான்கு ஞாயிறும் காலையில் மூன்று மணித்தியாலம் பிள்ளைக்காம்பராவைத் திறந்து வைக்கத் தோட்ட நிர்வாகத்திடம் பேசுங்கள். ஆயாவுக்கு அரைப்பேர் போட வேண்டும். சும்மா செய்யச் சொல்லக் கூடாது. அது முடியாதென்றால் சின்னப் பிள்ளைகளையும் மண்டபத்துக்கே அனுப்புங்கள், ஒரு மூலையில் பாய் விரித்து நாங்களே பார்க்கிறோம். இரண்டாவது, மண்டபத்துச் சாவி. மூன்று பேரிடம் கேட்க வேண்டாத ஏற்பாடு ஒன்று வேண்டும். மூன்றாவது, வகுப்பு வாசலில் எந்தக் கட்சிப் பதாகையும் வேண்டாம், எங்கள் சங்கத்துப் பதாகை உட்பட. வேறு சங்கத்துக்காரரின் பிள்ளையும் வர வேண்டும். இதைச் சொல்லத் தயங்கினோம், சொல்லிவிட்டோம்.

நாளைக் காலை பஸ் கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர்ப் பக்கம் போகும். கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழையும் மத்தியானத்துக்குப் பிறகு பார்க்கலாம், முதலில் அங்கே. உங்கள் தோட்டத்து ஓடையில் ஓடுகிற தண்ணீர் எங்கே போகிறது என்று வகுப்பில் கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. ஹட்டன் ஓயா, அக்ரா ஓயா, கொத்மலை ஓயா எல்லாம் சேர்ந்து மகாவலி. 335 கிலோமீற்றர் ஓடி, கம்பளையும் பேராதனையும் கண்டு, அணை அணையாகத் தேங்கி, கடைசியில் இந்தக் கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. தரம் 8 தம்பிமார் இரண்டு பேர் ஊரிலிருந்து பீலித் தண்ணீர் ஒரு போத்தல் கொண்டுவந்திருக்கிறார்கள். கடல் தண்ணீர் ஒரு போத்தல் எடுத்து இரண்டையும் காய்ச்சி, அடியில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கப் போகிறார்கள். சட்டியும் அடுப்பும் நாங்கள் கொண்டுவருகிறோம். பஸ் காலை ஏழு மணிக்கு. பிள்ளைகளுக்குத் தொப்பி அல்லது துண்டு ஒன்று கொடுத்து அனுப்புங்கள், இந்த ஊர் வெயில் நம்மூர் வெயில் மாதிரி இல்லை.